சொட்டிய இடமும் நீர் புகுந்த இடமும்

எங்கள் படுக்கையறைக் கூரையில் மூன்று ஆண்டுகளாக ஒரே இடத்தில் மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. விளக்குப் பெட்டியை ஒட்டி உள்ளங்கை அளவில் தோன்றிய ஈரக்கறை, ஒவ்வொரு மழைக்காலத்திலும் சற்றே அகன்று, ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்து, கடைசியில் பூச்சு பெயர்ந்து விழும் நிலைக்கு வந்தது. இருமுறை ஆள் வைத்துப் பழுது பார்த்தோம். இருமுறையும் கறைக்கு நேர் மேலே மொட்டைமாடியில் தெரிந்த மயிரிழை வெடிப்புகளை அடைத்து, அந்தப் பகுதிக்கு மட்டும் நீர்த்தடுப்புப் பூச்சு பூசினார்கள். அடுத்த நீண்ட மழையிலேயே மீண்டும் சொட்டியது.

மூன்றாம் முறை செலவு செய்வதற்கு முன், நீர் எங்கே புகுகிறது என்பதை உறுதி செய்துகொள்ள முடிவெடுத்தேன். முதல் வேலையாக அந்த விளக்குக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்தினேன்; இதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். பிறகு கறையின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து தேதியிட்டு, மழை தொடங்கிய நேரத்தையும் முதல் துளி விழுந்த நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதி வந்தேன்.

மழையில்லாத நாட்களில் கறை வளரவே இல்லை. ஆகவே தண்ணீர்க் குழாய்களின் மீதிருந்த ஐயம் நீங்கியது. அரை மணி நேரம் கொட்டித் தீர்த்த பெருமழைகளில் ஒரு துளிகூட விழவில்லை. ஆனால் நாள் முழுதும் விடாமல் பெய்த மெல்லிய மழையில், ஏழெட்டு மணி நேரம் கழித்துச் சொட்டத் தொடங்கி, மழை நின்ற மறுநாளும் சொட்டியது. நேர் மேலே வெடிப்பு இருந்திருந்தால் இவ்வளவு தாமதம் நேர்ந்திருக்காது. நீர் வேறெங்கோ புகுந்து, கான்கிரீட் தளத்துக்கும் அதன்மேல் நீர் வடியும் சரிவுக்காகப் போட்ட கலவைக்கும் இடையே மெல்லப் பரவி, இறங்க வழி கிடைத்த இடத்தில் இறங்குகிறது என்று அப்போதுதான் புரிந்தது. மின்கம்பிக் குழாய் புதைந்திருக்கும் இடத்தில் கான்கிரீட்டின் கனம் குறைவு. விளக்குப் பெட்டியருகே அது வெளிப்பட்டதன் காரணமும் அதுவே.

வறண்ட வாரங்கள் வந்ததும் மாடியைக் களிமண் வரப்பால் நான்கு பாத்திகளாகப் பிரித்தேன். ஒரு நேரத்தில் ஒரு பாத்தியில் மட்டும் 3 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, 48 மணி நேரம் விட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீட்டரில் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத் தண்ணீரும் 10 கிலோ எடை கொண்டது. ஆகவே ஆழமாக நிரப்புவது தவறு, தளர்ந்த பழைய தளமானால் பொறியாளரைக் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது. கறைக்கு நேர் மேலிருந்த பாத்தியிலிருந்து ஒரு துளியும் இறங்கவில்லை. அடுத்த இரண்டிலும் அப்படியே. நான்காவது பாத்தியில்தான் மழைநீர் வடிகுழாய் இருந்தது. அதன் வாயைத் துணியால் அடைத்து, சாயம் கலந்த தண்ணீரை நிரப்பினேன். ஒன்பதாம் மணி நேரத்தில் விளக்கருகே வெளிர் சிவப்புத் துளி விழுந்தது. இரு இடங்களுக்கும் இடையே மூன்று மீட்டர் தூரம்.

அந்தப் பாத்தியிலேயே கைப்பிடிச்சுவரின் அடிப்பகுதியும் இருந்ததால், அவசரப்படாமல் ஒரு வாரம் உலரவிட்டு, குழாய் வாயைச் சுற்றி மட்டும் சிறு வரப்புக் கட்டி, வேறு நிறச் சாயத்தில் மறுபடி சோதித்தேன். அந்த நிறமும் கீழே வந்தது. வழவழப்பான பிளாஸ்டிக் குழாயைச் சிமெண்டுக் கலவை பிடித்துக்கொள்ளாமல், சுற்றிலும் நூலளவு இடைவெளி விட்டிருந்தது. அதோடு குழாயின் வாய் தரையைவிட ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. சிறு மழைக்குப் பின் தேங்கும் நீர் வெயிலில் உலர்ந்துவிடும். நாள்கணக்கில் பெய்தால் தேங்கியே நின்று உள்ளே போகும்.

பழுது பார்த்த வேலை தேடலைவிடச் சுருக்கமானது. குழாயைச் சுற்றி 30 சென்டிமீட்டர் வரை பழைய கலவையைக் கொத்தி எடுத்து, தூசியைக் கழுவி, குழாயின் வெளிப்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, வாயைத் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்குமாறு அமைத்து, பாலிமர் கலந்த கலவையால் இறுக்கினோம். சுவரும் தரையும் சேரும் மூலையைச் சரிவாக்கி, நடுவே இழைவலை வைத்து, ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு பூச்சுகள் பூசினோம். பூச்சு குழாயின் உள்வாய்க்குள்ளும் இறங்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். நன்கு இறுகிய பின் மறுபடியும் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்தோம், கீழே ஈரமில்லை.

கூரையின் அடிப்பக்கத்துக்கு உடனே வண்ணம் பூச மறுத்துவிட்டேன், ஏனெனில் முன்பு அப்படிப் பூசியதால்தான் உள்ளே சிக்கிய ஈரம் பூச்சைப் பெயர்த்தது. அடுத்த மழைக்காலம் முழுவதும் கறை என் பென்சில் கோட்டைத் தாண்டவில்லை என்பதைக் கண்ட பிறகே, அந்தக் கோட்டின்மேல் வெள்ளை வண்ணம் பூசினோம்.