நெல்லையா, விருதுநகரா: கலந்தாய்வு நாட்குறிப்பு

2025 ஆகஸ்ட் 20, புதன்

எம்.பி.பி.எஸ். கலந்தாய்வின் முதல் சுற்றில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி. இரண்டாம் சுற்றில் திருநெல்வேலி கிடைக்கக்கூடிய ரேங்க். பல வீடுகளில் இந்த வாரம் இதே பேச்சுதான். இரண்டு ஆர்டரும் கைக்கு வந்தபிறகு யோசிக்கலாம் என்று இருந்துவிட வேண்டாம். அடுத்த சுற்றில் மேல் விருப்பம் ஒதுக்கீடானால் கையிலிருக்கும் இடம் தானாகவே ரத்தாகி, அதே ஓட்டத்தில் வேறொருவருக்குப் போய்விடும். திரும்பக் கேட்க வழியில்லை. எனவே சாய்ஸ் லாக் செய்வதற்கு, அதாவது விருப்பக் கல்லூரிப் பட்டியலை உறுதி செய்வதற்கு முன்பே மனசு ஒரு பக்கம் நின்றாக வேண்டும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எதையெல்லாம் ஒப்பிட வேண்டாம் என்று முதலில் ஒதுக்கிவிடலாம். இரண்டுமே அரசுக் கல்லூரி, கல்விக் கட்டணம் ஒன்றே. பட்டம் தருவது ஒரே எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், வினாத்தாளும் ஒன்றே. தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீத வருகை இரண்டு இடத்திலும் வேண்டும். புதுக் கட்டடம், ஏசி லெக்சர் ஹால் எல்லாம் முதல் வருடத்தோடு மறந்துபோகும் சமாசாரம்.

வித்தியாசம் வார்டில்தான். நெல்லை 1965-இல் தொடங்கியது, ஆண்டுக்கு 250 பேர். விருதுநகர் 2022 ஜனவரியில் திறந்த பதினொரு அரசுக் கல்லூரிகளில் ஒன்று, 150 பேர்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நேரில் பார்க்கப் போகிறவர்கள் திங்கள் காலை போங்கள், ஓ.பி. நிரம்பி வழியும் நாள் அது. கல்லூரி வாசலில் நின்று செல்ஃபி எடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மெடிசின் வார்டில் எத்தனை கட்டில் காலி என்று எண்ணுங்கள். 150 இடத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம் கேட்பது 605 படுக்கை, ஆண்டு சராசரியில் 80 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும். அடுத்து பிரசவ வார்டு. மாதம் எத்தனை பிரசவம், அதில் எத்தனை சிசேரியன் என்று அங்குள்ள ஸ்டாஃப் நர்ஸைக் கேட்டால் தெரியும்.

சிக்கலான கேஸ் எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். விருதுநகரிலிருந்து மதுரை ஐம்பது கிலோமீட்டர்தான். பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருந்தால் ஆம்புலன்ஸ் அங்கே கிளம்பிவிடும். மாணவன் பார்ப்பது ரெஃபரல் சீட்டை மட்டும். ஐகிரவுண்டுக்கு, அதாவது நெல்லை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு, நாலா பக்கமிருந்தும் கேஸ் வந்து சேரும்.

ஆகஸ்ட் 27, புதன்

பெரிய கல்லூரியின் குறையையும் சொல்ல வேண்டும். 250 பேர் பேட்ச் என்றால் ஒரு நோயாளியைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள். மண்ணீரலைத் தொட்டுப் பார்க்க வலது அடிவயிற்றிலிருந்து மெல்ல மேலே வர வேண்டும். ஐந்தாவது கை படும்போதே அந்த மனிதர் வயிற்றை இறுக்கிக்கொள்வார். பின்வரிசைக்கு ஒன்றும் தட்டுப்படாது. இதற்கு ஒரே வழி, மாலை நாலு மணிக்கு மேல் தனியாக வார்டுக்குப் போய், நோயாளியிடம் அனுமதி கேட்டு, ஒரு கேஸை முழுதாக எழுதுவது.

புதிய கல்லூரியில் கூட்டம் குறைவு, கைக்கு வேலை சீக்கிரம் வரும். ஆனால் எந்தெந்தத் துறையில் பி.ஜி. (மேற்படிப்பு) இருக்கிறது என்று ஆணையத்தின் இணையதளத்தில் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு கூடவே நின்று சொல்லித் தருவது பி.ஜி. மாணவர்தான், ப்ரொஃபசர் அந்நேரம் இருக்கமாட்டார். விருதுநகரின் முதல் பேட்ச் இன்னும் ஹவுஸ் சர்ஜன் (படிப்பின் கடைசியில் வரும் பயிற்சி மருத்துவர்) கட்டத்துக்கே வரவில்லை, ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ளப் பழைய மாணவர்களும் இல்லை.

என் ஓட்டு நெல்லைக்கு. வீடு விருதுநகர் பக்கமாக இருந்து, அங்கே உடம்பு முடியாதவர்களுக்காகத் தினமும் போய்வர வேண்டிய நிலை என்றால் மட்டும் விருதுநகர்.

ஆகஸ்ட் 30, சனி

சாய்ஸ் பட்டியலில் கையிலிருப்பதைவிட உண்மையிலேயே மேலானதை மட்டும் போடுங்கள். "சும்மா இருக்கட்டும்" என்று சேர்க்கும் கல்லூரிதான் பெரும்பாலும் வந்து விழும். லாக் செய்ததும் பிரின்ட் எடுத்து வரிசையைச் சரிபாருங்கள்.

மாறுதல் வந்தால் முதல் கல்லூரியில் விடுவிப்பு ஆணையும் ஒரிஜினல்களும் வாங்க வேண்டும். டி.சி., 10, 12 மார்க் ஷீட், சாதிச் சான்று, ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்று, நீட் ஸ்கோர் கார்டு: ஒவ்வொன்றையும் எண்ணி வாங்குங்கள். ஹாஸ்டல், மெஸ் அட்வான்ஸ் தானாகத் திரும்பி வராது. ரசீதோடு தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். வங்கிக் கணக்கு எண்ணை அந்த மனுவிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.