பெயரை வெட்டாதீர்கள்

முகநூலில் ஒருவர் எழுதிய கவிதை மறுநாளே 'படித்ததில் பிடித்தது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, எழுதியவர் பெயர் இல்லாமல். ஒரு வாரம் போனால் அதே வரிகள் வேறொருவர் பெயரோடு வருகின்றன. கேட்டால், 'நெட்டில் கிடந்தது, எடுத்தேன்' என்கிறார்கள். கிடக்கவில்லை ஐயா, ஒருவர் தூக்கம் கெட்டு எழுதியது!

1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவு செய்யாவிட்டாலும் எழுத்துக்கு உரிமை உண்டு. அதன் 57-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: பதிப்புரிமையை விற்றுவிட்டாலும் 'இதை எழுதியது நான்' என்று சொல்லும் உரிமை எழுதியவரிடமே இருக்கும்.

புதிதாக எழுத வரும் பிள்ளைகள்தான் இதில் ரொம்ப நொந்துபோகிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: முதலில் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அப்புறம் போய்க் கேளுங்கள். கேட்டதும் பதிவை அழித்துவிடுவார்கள்.