மூலை மழுங்கிய கார்டுகள்

எழுபது வருஷப் பழைய பேஸ்பால் கார்டு (ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட சின்ன அட்டை) ஒன்றின் நான்கு மூலையும் நேற்று அச்சானது போலக் கூராக இருந்தால், எனக்கு ஆசை வருவதற்கு முன்னால் சந்தேகம் வந்துவிடும். மூலை மழுங்கி, குறுக்கே ஒரு மடிப்பு விழுந்து, ஓரம் லேசாக அழுக்கேறியிருந்தால் கையில் வாங்கிப் பார்ப்பேன். இங்கே நியூஜெர்சியில் ஞாயிற்றுக்கிழமை கார்டு ஷோக்களுக்கு (மேசை போட்டுக் கார்டு விற்கும் சந்தைகளுக்கு) போய் கொஞ்சம் வாங்கி, கொஞ்சம் விற்று வருகிறேன் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அந்தக் கோடி டாலர் கார்டு மாதிரி ஏதாவது மாட்டுமா?"

மாட்டாது. ஆனாலும் அந்தக் கோடி டாலர் கார்டின் கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த வியாபாரத்தில் புதிதாக வருகிறவர்கள் எதைப் பார்த்து மயங்குகிறார்கள் என்பது அதில்தான் தெரியும்.

அது 1952-ல் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட, மிக்கி மேன்டில் என்ற நியூயார்க் யாங்கீஸ் ஆட்டக்காரரின் கார்டு, எண் 311. 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. விற்றவர் அதை 1991-ல் 50,000 டாலருக்கு வாங்கியிருந்தார். இதைக் கேட்டதும் உலகத்தில் அந்தக் கார்டு ஒன்றோ இரண்டோதான் இருக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. அந்த வருஷம் டாப்ஸ் 407 கார்டுகளைக் கட்டம் கட்டமாக வெளியிட்டது. 311-லிருந்து தொடங்கும் கடைசிக் கட்டம் பேஸ்பால் சீசன் முடியும் நேரத்தில்தான் கடைக்கு வந்தது, பிள்ளைகளின் கவனம் அதற்குள் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டது, சரக்கு தேங்கிவிட்டது. கிடங்கில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பெட்டிகளை 1960-ல் படகில் ஏற்றிக்கொண்டு போய் நியூஜெர்சிக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அந்தக் கார்டுகளை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். சரி, அதனால் கடைசிக் கட்டம் முழுவதுமே கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் மேன்டில் கார்டு அந்தக் கட்டத்தில் இருக்கும் மற்ற பல கார்டுகளைவிட இரண்டு மடங்கு அச்சடிக்கப்பட்டது. அது அவருடைய முதல் கார்டுகூட இல்லை, முதல் கார்டு 1951-ல் பௌமன் கம்பெனி போட்டது. ஆக, அந்தக் கோடியில் பெரும்பகுதி மேன்டில் என்ற பெயருக்கும், எழுபது வருஷமாக அதை யாரும் கசக்காமல் விட்டதற்கும் கொடுத்த விலை. அதே கார்டு கிழிசலும் கறையுமாக இருந்தால் சில பத்தாயிரம் டாலருக்குள் முடிந்துவிடும்.

நிலைமைக்கு இவ்வளவு விலை என்றால், அந்த நிலைமையைச் செயற்கையாக உண்டாக்க நினைப்பவர்களும் இருப்பார்கள் அல்லவா? எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் இதுதான். மழுங்கிய மூலையைக் கூராக்க அவர்கள் செய்வது ஓரத்தை மயிரிழை அளவுக்குச் சீவி எடுப்பது. இங்கே அதை டிரிம்மிங் என்கிறார்கள். பழைய கார்டுக்குச் செய்யக்கூடிய பெரிய துரோகம் அதுதான் என்பேன், மடிப்போ காபிக் கறையோ அதன் பக்கத்தில்கூட வராது.

சின்ன மேசைகளில் மட்டும் நடக்கும் திருட்டு இல்லை இது. கார்டு உலகத்திலேயே பெரிய பெயர் ஹோனஸ் வாக்னர். பிட்ஸ்பர்க் அணியின் பேஸ்பால் ஆட்டக்காரர். 1909-லிருந்து 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்த டி206 வரிசையில் இவருடைய கார்டு சீக்கிரமே நிறுத்தப்பட்டுவிட்டது. பிள்ளைகள் அதற்காகச் சிகரெட் வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பார்கள், பணம் தராததால்தான் ஒப்புக்கொள்ளவில்லை என்றும் சொல்வார்கள். எப்படியோ, இன்று தெரிந்து ஐம்பது அறுபது பிரதிகள்தான் இருக்கின்றன. அவற்றில் எல்லாவற்றையும்விட அழகான ஒன்றை 1991-ல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் அன்றைய உரிமையாளர் புரூஸ் மக்னாலும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். அதே வருஷம் தொடங்கிய பிஎஸ்ஏ என்ற தரச்சான்று நிறுவனம் முதன்முதலில் சான்று கொடுத்த கார்டும் அதுதான், பத்துக்கு எட்டு. 2013-ல், அந்தக் கார்டை முன்பு வைத்திருந்த பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், அதன் ஓரத்தைத் தானே வெட்டியதாக ஒப்புக்கொண்டார். அதற்குள் 2007-லேயே அது 28 லட்சம் டாலருக்குக் கை மாறியிருந்தது.

எனக்குப் பிடித்தது இதற்கு அப்புறம் நடந்தது. 2021-ல் வேறொரு வாக்னர் கார்டு, பத்துக்கு மூன்று தரம், 66 லட்சம் டாலருக்கு விற்றது. அடுத்த வருஷம் இன்னொன்று, பத்துக்கு இரண்டு, 72 லட்சத்து 50 ஆயிரம். நடுவில் சந்தை ஏறியது ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனாலும் யாரும் கத்தி வைக்காத, நூறு வருஷம் கை பட்டுத் தேய்ந்த கார்டுக்கு அவ்வளவு கொடுக்க ஆள் இருக்கிறது என்பது எனக்கு ரொம்பச் சந்தோஷமான செய்தி.

ஷோவுக்குப் போகும்போது நான் எடுத்துப்போவது பத்து மடங்கு லென்ஸ், சின்ன யூவி டார்ச், நான் வாங்க நினைக்கும் வருஷத்தைச் சேர்ந்த மலிவான கார்டு ஒன்று. கடைசியில் சொன்னதுதான் முக்கியம். 1952 டாப்ஸ் என்றால் அகலம் 2⅝ அங்குலம், உயரம் 3¾. அளவுகோலை வைத்து மயிரிழை வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது. என் கார்டின் மேல் விற்பவருடைய கார்டை வைத்து, மேசையில் மெல்லத் தட்டிச் சமன்செய்து பார்த்தால் எது குட்டை என்று உடனே தெரிந்துவிடும். (உறையிலிருந்து எடுக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும், அது மரியாதை.) அப்புறம் ஓரத்தை விளக்குப் பக்கம் சாய்த்துப் பார்ப்பேன். அந்தக் காலத்து எந்திரம் வெட்டிய ஓரத்தில் காகித நார் பொடிப்பொடியாகத் துருத்திக்கொண்டிருக்கும், வருஷக்கணக்கான அழுக்கு அதில் படிந்து பழுப்பேறி இருக்கும். முகப்பு முழுக்கப் பழுப்பாக இருந்து, ஒரு பக்க ஓரம் மட்டும் பளிச்சென்று வழவழப்பாக இருந்தால் நான் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவேன்.

லென்ஸ் எதற்கு என்றால், போலிக்கு. உண்மையான கார்டில் எழுத்தும் கறுப்புக் கட்டமும் திட்டமான ஒரே மையில் ஓடும், ஆட்டக்காரரின் படம் மட்டும் புள்ளிபுள்ளியாக இருக்கும். ஸ்கேன் செய்து அச்சடித்த போலியில் எழுத்தும் புள்ளியாகிவிடும். யூவி டார்ச் இன்னும் சுலபம்: இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காகிதத்தில் வெண்மை கூட்டும் ரசாயனம் கிடையாது, அதனால் டி206 என்று சொல்லி ஒருவர் காட்டும் கார்டு டார்ச் ஒளியில் நீலமாகப் பளீரிட்டால் பேச்சே வேண்டாம். 1952 மேன்டில் என்று வீட்டில் கண்டெடுத்து ஓடி வருபவர்கள் பலர் கையில் இருப்பது 1983-ல் டாப்ஸே மறுபடி அச்சிட்டது, அளவிலும் சின்னது, பின்பக்கத்திலேயே மறுபதிப்பு என்று எழுதியிருக்கும். அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

அப்படியானால் என்னதான் வாங்குவது? நான் வாங்குவது 1950களிலும் 60களிலும் வந்த டாப்ஸ் கார்டுகள், பத்துக்கு ஒன்றோ இரண்டோ மூன்றோ தேறும் நிலையில். பெயர் தெரியாத ஆட்டக்காரர் என்றால் சில டாலர்தான். பெரிய ஆட்டக்காரர்களில் நான் தேடுவது ராபர்ட்டோ கிளெமென்டே. புவெர்ட்டோ ரிக்கோக்காரர், 1972-ன் கடைசி நாளில் நிகராகுவா பூகம்பத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்தவர். 1955-ல் வந்த அவருடைய முதல் கார்டு என் சக்திக்கு மேல். ஆனால் 60களில் வந்தவை நிறையக் கிடைக்கும், அவற்றில் டாப்ஸ் அவர் பெயரை "பாப் கிளெமென்டே" என்று அச்சடித்திருக்கும். அவர் தன்னை ராபர்ட்டோ என்றுதான் சொல்லிக்கொண்டார். கம்பெனி 1957-லிருந்து 1969 வரை பாப் ஆக்கி வைத்திருந்தது. அந்தக் கார்டுகளை நான் வாங்கினால் சுலபத்தில் விற்பதில்லை.

பிள்ளைகள் பேனாவால் கிறுக்கிய கார்டுகளும் எனக்குப் பிடிக்கும். என்னிடம் 60களின் கார்டு ஒன்று இருக்கிறது, அதில் அச்சிட்ட அணியின் பெயரை ஒரு பையனோ பெண்ணோ நீலப் பேனாவால் அடித்து, ஆட்டக்காரர் மாறிப்போன புது அணியின் பெயரைக் கோணல்மாணலாக மேலே எழுதியிருக்கிறது. சந்தைக்கு அது சேதம், விலை பாதிக்கும் கீழே. எனக்கு அந்தப் பிள்ளை செய்தித்தாள் படித்துவிட்டு உடனே பேனாவை எடுத்தது கண்முன் தெரிகிறது.

பேரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே கார்டுக்கு விலை குறைக்கச் சொல்லிக் கெஞ்சினால் யாரும் இறங்க மாட்டார்கள். நாலைந்தை ஒன்றாக அடுக்கி, "ஐயா, இத்தனையும் எடுத்துக்கொண்டால் ரொக்கத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டால் பெரியவர் தலையைச் சொறிந்துவிட்டு ஒரு தொகை சொல்வார், பெரும்பாலும் நியாயமாகத்தான் இருக்கும். கேட்கும் விலையை நம்பி வாங்கக் கூடாது, கடைசியாக எவ்வளவுக்கு விற்றது என்பதை ஈபேயில் விற்றுமுடிந்த பட்டியலில் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். யாரோ ஒருவர் 500 டாலர் என்று போட்டு இரண்டு வருஷமாக விற்காமல் கிடப்பது விலை ஆகாது.

விற்பதில்தான் நிறையப் பேருக்கு மனசு உடைகிறது. ஈபேயில் விற்றால் சுமார் 13 சதவீதம் கட்டணமாகப் போகும், தபால் செலவு தனி. டீலரிடம் கொடுத்தால் சந்தை விலையில் அறுபது, எழுபது சதவீதம் கொடுப்பார், அதைக் கேட்டு அவரைக் கொள்ளைக்காரர் என்று திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் மேசை வாடகை கட்டி, விற்கும்வரை பணத்தை முடக்கி வைத்திருக்கிறார், அவருக்கும் ஏதாவது நிற்க வேண்டாமா?

இதைவிடக் கஷ்டம், அப்பா காலமான பிறகு கராஜில் இருந்த பெட்டிகளை அள்ளிக்கொண்டு வருகிறவர்கள். பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் 1987-லிருந்து 1992 வரை வந்த டாப்ஸ், பிளீர், டான்ரஸ். பழைய கார்டுகள் பெரும் விலை போவதைப் பார்த்து அந்த வருஷங்களில் எல்லாரும் பிரிக்காமலே வாங்கி அடுக்கினார்கள், கம்பெனிகளும் கண்மண் தெரியாமல் அச்சடித்துத் தள்ளின. அதனால்தான் இன்று பெட்டியோடு கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. 1989-ல் அப்பர் டெக் கம்பெனி வெளியிட்ட வரிசையின் முதல் எண், கென் கிரிஃபி ஜூனியர் என்ற ஆட்டக்காரரின் கார்டு, அது இருந்தால் பெட்டியிலிருந்து தனியாக எடுத்து வையுங்கள். மற்றதை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லுவேன். உண்மையைப் பக்குவமாக முதலிலேயே சொல்லிவிடுவதுதான் அவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை.

தரச்சான்றுக்கு எதை அனுப்புவது என்றும் கேட்கிறார்கள். சான்றுக்கு ஆகும் செலவைவிட, சான்று வந்தபின் கூடும் விலை தெளிவாக அதிகம் என்றால் அனுப்புங்கள். ஐந்து டாலர் கார்டை பிளாஸ்டிக் பெட்டிக்குள் பூட்ட அதைப்போல் சில மடங்கு செலவழிப்பது வீண். கிளெமென்டே, ஏரன், மேஸ் போன்ற பெரிய ஆட்டக்காரர்களின் விலையுள்ள கார்டு என்றால், தரம் ஒன்றே வந்தாலும் அனுப்பலாம், வாங்குகிறவருக்கு அசல்தான், வெட்டவில்லை என்ற நம்பிக்கை கிடைக்கும். அப்போதும் மேலே ஒட்டியிருக்கும் எண்ணை மட்டும் பார்க்காமல் உள்ளே இருக்கும் கார்டைப் பாருங்கள், ஒரே தரத்தில் ஒன்றில் மடிப்பு முகத்தின் குறுக்கே ஓடும், இன்னொன்றில் மூலையோடு நின்றுவிடும்.

விற்ற கார்டைத் தபாலில் அனுப்பும்போது முதலில் பென்னி ஸ்லீவ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதன்மேல் டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறை, அதன் வாயை ஒட்டச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் நீல டேப். சாதாரண செல்லோ டேப் வேண்டவே வேண்டாம், பிரிக்கும்போது பசை கசிந்து கார்டில் ஒட்டிக்கொள்ளும். டேப்பின் நுனியைக் கொஞ்சம் மடித்து விட்டால் வாங்குகிறவர் நகத்தால் சுரண்டாமல் பிடித்து இழுத்துவிடலாம். இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டி, குமிழ் உறையில் போட்டு, டிராக்கிங் எண்ணோடு அனுப்புங்கள்.