தேயிலைக்கு உயரம் எழுதுகிறார்கள்

சமுதாய மருத்துவத்தில், அதாவது ஒரு ஊர் மக்களின் சுகத்தை மொத்தமாக ஆராயும் துறையில், எம்.டி. செய்யப் போகிறேன் என்று சொன்ன அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்ப நீ ஊசி போட மாட்டியா புள்ள?" என்பதுதான். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தோரு வருடம் கொழுந்து பறித்தவர். தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிசனிலேயே முதல் ஆளாக ஒருத்தி டாக்டராகிவிட்டு, வார்டும் வேண்டாம், பிரைவேட்டும் வேண்டாம், கணக்குப் பார்க்கப் போகிறேன் என்றால் எந்தத் தாய்க்குத்தான் மனசு கேட்கும்? இந்தத் துறைக்கு வரலாமா என்று என்னிடம் கேட்கும் மலையகத் தம்பி தங்கைகள் இப்போது கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

பாதை ஒன்றும் ரகசியமில்லை. பேராதனையில் எம்.பி.பி.எஸ்., ஒரு வருட உள்ளகப் பயிற்சி, பிறகு ஒரு எம்.ஓ.எச். ஒபிசில், அதாவது சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில், வேலை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய அந்த முறைதான் இன்றும் ஓடுகிறது. ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், மருத்துவிச்சிகளான மிட்வைப் மிஸ்மார். அங்கிருந்து பரீட்சை எழுதி கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் எம்.எஸ்ஸி. அதில் தேறினால் எம்.டி.க்கான ஆய்வு, ஆய்வேடு, வாய்மொழிப் பரீட்சை, வெளிநாட்டில் பயிற்சி, கடைசியாக வாரியச் சான்று. எழுதினால் நாலு வரி. எனக்கு எட்டு வருடம் போனது.

எம்.எஸ்ஸி. வகுப்பில் ஒரு நாள் 2016 குடித்தொகை சுகாதார ஆய்வின் அட்டவணையைத் திரையில் போட்டார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17.3 வீதம், பெருந்தோட்டத் துறையில் 31.7 வீதம். பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். எனக்கு அந்த 31.7க்குள் எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. கட்டையான பிள்ளைக்குப் பின்னால் பெரும்பாலும் ரத்தம் குறைந்த ஒரு தாய் இருப்பாள். கர்ப்பிணிகளின் இரத்தச்சோகைதான் என் ஆய்வு என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

புதிய விஷயமும் இல்லை அது. 1916இலேயே அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனக்காரர்கள் கொக்கிப்புழுவை ஒழிக்கிறோம் என்று தோட்டங்களுக்கு வந்தார்கள். ரத்தம் இல்லாத ஆள் கொழுந்து எடுக்க மாட்டான் என்பது துரைமாருக்கு அப்போதே தெரியும்.

அனுமதிகள் வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தாலே அலுப்பு. 1992க்குப் பிறகு தோட்டங்கள் கம்பனிகளின் கையில். ஆகவே சுகாதாரத் திணைக்களம் சரி என்றாலும் போதாது. கொழும்பில் கம்பனியின் தலைமை அலுவலகம், அப்புறம் தோட்டத்து மேனேஜரான பெரிய துரை, அப்புறம் வெல்பெயார் ஒபிசர், அப்புறம் சங்கத் தலைவர். ஒரு கம்பனி என் கடிதத்தை மூன்று முறை தொலைத்தது. நான்காவது கடிதத்தை நானே கையில் கொண்டுபோய், சீல் விழும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். கடிதம் அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்காதீர்கள், நேரில் போங்கள்.

உண்மையான பாடம் கேள்விக்கொத்தில் கிடைத்தது. ஆங்கிலத்தில் எழுதி, தமிழாக்கி, அதைத் திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. தமிழாக்கியவர் நல்ல தமிழறிஞர். "கருவுற்றிருந்த காலத்தில் இரும்புச்சத்து மாத்திரைகளை ஒழுங்காக உட்கொண்டீர்களா?" திரும்ப ஆங்கிலமாக்கியபோது எழுத்துப் பிசகவில்லை, நெறிமுறைக் குழுவும் ஏற்றுக்கொண்டது. முன்னோட்டத்துக்காக ஒரு தோட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் "ஆமாங்க மிஸ்" என்றார்கள். எதைக் கேட்டாலும் ஆமாங்க மிஸ். ஒரு அக்கா மட்டும் போகும்போது மெதுவாக, "நீங்க ரேடியோ மாதிரி பேசுறீங்க" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. நானும் அந்த லயத்துப் பிள்ளைதானே! அம்மாவை உட்கார வைத்து ஒவ்வொரு கேள்வியையும் திருப்பி எழுதினேன். "முழுகாம இருந்தப்ப கிளினிக்ல குடுத்த ரத்த மாத்திர, போன வாரத்துல எத்தன நாளு விட்டுப் போச்சு?" இப்போது பதில்கள் வந்தன. மூன்று நாள், ஐந்து நாள், "குமட்டுது, நான் தொடவே இல்ல மிஸ்." மாற்றிய கேள்விகளை மறுபடி குழுவுக்கு அனுப்பி அனுமதி வாங்க மேலும் இரண்டு மாதம்.

இன்னொன்றும் வெளியே வந்தது. மாத்திரை போட்டவர்களும் அதைச் சாயத்தண்ணியோடு விழுங்கினார்கள். தேயிலையில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்புக்கு விடாது. கல்சியம் மாத்திரையையும் அதே வாயில் போட்டுக்கொண்டால் அதுவும் தடுக்கும். கிளினிக் கார்டில் "மாத்திரை கொடுக்கப்பட்டது" என்று சரி போட்டிருக்கும். ரத்தத்தில் ஏறியிருக்காது.

கையெழுத்து விஷயம் நான் எதிர்பார்க்காதது. சம்மதப் படிவத்தை நீட்டியதும் ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் மாமியார் குறுக்கே வந்து அதை வாங்கிப் பார்த்தார். வாசிக்கத் தெரியாது. "இதுல கைநாட்டு வச்சா எங்கயும் ஏத்தி விட்டுற மாட்டீகளே தாயி?" என்று கேட்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. 1948இல் எங்கள் தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமை போனது, 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுக்க வேண்டும் என்று இரண்டு அரசுகள் எழுதிக்கொண்டன. அவருடைய அண்ணன் குடும்பம் ரயிலேறி தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் போனவர்கள். அந்தப் பயணமும் ஒரு பேப்பரில்தான் தொடங்கியது. மருத்துவ ஆய்வில் படிவம் என்பது நோயாளியைப் பாதுகாக்க வந்தது என்று எனக்குப் படிப்பித்திருந்தார்கள். அந்த வீட்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்து, அண்ணன் இப்போது நீலகிரியில் எந்த ஊரில் இருக்கிறார், பேரப்பிள்ளைகள் எத்தனை என்றெல்லாம் பேசி முடித்த பிறகுதான் மருமகள் கை வைத்தாள். அன்றைக்கு அந்த ஒரு படிவம்தான். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு இத்தனை படிவம் என்று கணக்கு வைப்பதை விட்டுவிட்டேன்.

இனி ரத்தம். விரலில் குத்தி, ஒரு துளியைச் சின்னக் கருவியில் வைத்து ஹீமோகுளோபின் பார்ப்பது. கொழும்பில் பழகியபோது சுலபமாக இருந்தது. மலையில் காலை ஏழு மணிக்குக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் மேசை போட்டால் விரல் ஐஸ் மாதிரி இருக்கும், ரத்தம் வராது. பிதுக்கினால் திசு நீர் கலந்து எண் பொய்யாகக் குறையும். கருவியும் குளிருக்குச் சண்டித்தனம் பண்ணும், ரத்தம் எடுக்கும் வில்லைகளுக்கோ பனி ஈரம் ஆகாது. கடைசியில் ஒரு பிளாஸ்கில் சுடுதண்ணீர், ஒரு பேசின், இரண்டு துவாய். ஐந்து நிமிடம் கையை நனைத்துத் துடைத்த பிறகுதான் ஊசி. எந்தப் பாடப்புத்தகமும் இதைச் சொல்லித் தரவில்லை. அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. களவேலை மாதக்கணக்கில் நின்றது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லோருக்கும் அதுதான் நிலைமை.

எண்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் பெரிய சிக்கல் தெரிந்தது. கர்ப்பிணிக்கு 100 மில்லிலீற்றர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே என்றால் இரத்தச்சோகை என்பது பொதுக் கணக்கு. கொழும்பிலும் 11, நுவரெலியாவிலும் 11. ஆனால் உயரம் போகப் போகக் காற்றில் பிராணவாயுவின் அழுத்தம் குறையும், உடம்பு அதை ஈடுகட்ட ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். அதனால் மலையில் இருப்பவரின் எண்ணிலிருந்து கொஞ்சம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2011 அட்டவணைப்படி 1,500 மீற்றரில் 0.5 கழிக்க வேண்டும். கார்டில் 11.3 என்று இருக்கும் பெண்ணுக்கு உண்மையில் 10.8. கிளினிக்கில் "நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்பப்பட்டவள் சோகை உள்ளவள். நான் பார்த்த கார்டுகளில் யாரும் கழித்திருக்கவில்லை. மிட்வைப் மிஸ்மாரைக் குறை சொல்ல முடியாது, அந்தக் கட்டமே கார்டில் இல்லை.

எனக்கு எரிச்சல் மூட்டியது வேறு. கொழும்பில் 1883இலிருந்து தேயிலை ஏலம் நடக்கிறது. 2,000 அடிவரை லோ குரோன், 4,000 வரை மிட் குரோன், அதற்கு மேல் ஹை குரோன் என்று பிரித்து விலை பேசுகிறார்கள். கொழுந்து எந்த உயரத்தில் வளர்ந்தது என்று எழுதாமல் ஒரு பெட்டி நகராது. அதைப் பறித்தவளின் ரத்தத்துக்கு உயரம் கேட்க ஆளில்லை. இதை ஆய்வேட்டில் இப்படியே எழுதியிருந்தேன். மேற்பார்வையாளர் சிவப்பு மையால் அடித்து, "இது மேடைப் பேச்சு" என்று ஓரத்தில் குறித்தார். சரிதான், நீக்கிவிட்டேன். வாய்மொழிப் பரீட்சையில் ஒருவர், "அந்தப் பெண்கள் பழகிய உடம்புக்காரர்கள், எதற்குக் கழிக்க வேண்டும்?" என்று கேட்டபோது வாய் தானாகத் தேயிலை ஏலத்துக்குப் போனது. ஒரு நொடி அமைதி. பிறகு சிரித்தார்கள். தேறிவிட்டேன்.

ஆராய்ச்சி முடிந்தால் கொள்கை தானாக மாறும் என்று நினைத்திருந்தேன். முதல் கூட்டத்துக்கு 212 பக்க ஆய்வேட்டைக் கொண்டுபோனேன். யாரும் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒரே ஒரு தாள். அதில் இரண்டே கோரிக்கை. ஒன்று, கார்டில் உயரம் கழித்த எண்ணையும் எழுதுவது. மற்றது கிளினிக் நேரம். காலை ஒன்பது மணிக்குக் கிளினிக் என்றால் போனவளுக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான், விழும். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது, அதில் பாதியை விட்டுவிட்டு வா என்று கர்ப்பிணியிடம் சொல்கிறோம். பிறகு "தோட்டப் பெண்களுக்கு அக்கறை இல்லை" என்று அறிக்கை எழுதுகிறோம். கிளினிக்கைப் பின்னேரத்துக்கு மாற்ற டாக்டர்மாரும் மிட்வைப் மிஸ்மாரும் ஒத்துக்கொள்ள வேண்டும், அவர்களுக்கும் பஸ் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவர் முகத்துக்கு நேரே, "உங்க ஆய்வுக்காக நாங்க இருட்டுல மலை இறங்கணுமா?" என்று கேட்டார். கேட்டது நியாயம். வாகனம் ஏற்பாடான டிவிசன்களில் மட்டும் மாறியிருக்கிறது, மற்ற இடங்களில் பழையபடிதான்.

இதற்கிடையில் 2024இல் உலக சுகாதார நிறுவனம் அட்டவணையையே திருத்தியது. 1,000 மீற்றரிலிருந்து 1,499 வரை 0.8, 1,500 முதல் 1,999 வரை 1.1. என் ஆய்வேட்டின் கணக்கெல்லாம் பழசாகிவிட்டது. ஒரு பக்கம் வயிற்றெரிச்சல், மறு பக்கம் நான் காட்டியதைவிட நிலைமை மோசம் என்று தெரிந்தது. எல்லாவற்றையும் மறுபடி போட்டேன். அதே 11.3 இப்போது 10.2.

எங்கள் பகுதியில் மூன்று மிட்வைப் மிஸ்மார் ரெஜிஸ்டர் ஓரத்தில் பென்சிலால் உயரத்தை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். போன மாதம் ஒருவர் போன் எடுத்தார்.

"மிஸ், ஸ்டோர்ல கேட்டேன். கீழ் லயம் 4,700 அடியாம், மேல் லயம் 5,000 அடியாம். ஒரே டிவிசன். எதைப் போட?"

கல்குலேட்டரில் போட்டேன். கீழே 1,433 மீற்றர், மேலே 1,524. அட்டவணையின் 1,500 மீற்றர் கோடு இரண்டு லயத்துக்கும் நடுவில் ஓடியது.

"ரெண்டையும் தனித்தனியாப் போடுங்க."

"அப்ப அக்காக்காரி மேல, தங்கச்சிக்காரி கீழ, ரெண்டு பேருக்கும் 11.9 வந்திருக்கு. ஒருத்திக்குச் சோகை, ஒருத்திக்கு இல்லையா?"

"ரெண்டு பேருக்கும் மாத்திரையக் குடுங்க," என்றேன். "தேத்தண்ணி இல்லாம."