கன்னத்துச் செதில்

கரிபியன் தீவான குவாடலூப்பில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: கன்னத்தைப் பார். காதுக்குக் கீழே நாணயம் மாதிரி வட்டமாகப் பெரிய செதில் இருந்தால், அது வெளியிலிருந்து வந்த பச்சை இகுவானா என்னும் பெரிய ஓணான். இல்லையென்றால் குவாடலூப் உள்ளிட்ட சிறிய அண்டிலீஸ் தீவுகளுக்கே உரிய டெலிகாட்டிசிமா என்ற இகுவானா இனம். வாலில் கறுப்புப் பட்டை கிடையாது என்பது அதற்கு இன்னோர் அடையாளம். எனக்குள் இரண்டையும் சீமை, நாடு என்றே சொல்லிக்கொண்டேன். நாட்டு இகுவானா 2018இல் அழிவின் விளிம்பில் உள்ளதாக அறிவிக்கப்பட்டது.

இரண்டும் இணைசேரும். பிறப்பது கோவேறு கழுதை போல மலடாக இருந்தால் ஒரு தலைமுறையோடு போயிருக்கும். இல்லை, கலப்புக் குட்டிகளும் வளர்ந்து முட்டையிடும். சீமை கூடுதலாக முட்டையிடும் என்பதால் கணக்கு எப்போதும் ஒரு பக்கமே சாயும். பக்கத்து லே சேந்த் தீவுகளில் நாட்டு இனம் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. 2017 மரியா புயலுக்குப் பிறகு நிவாரணப் பொருள்களோடு டொமினிக்காவுக்கும் சீமை போய்ச் சேர்ந்துவிட்டது.

குவாடலூப்பின் பாஸ்-தேர் பகுதியில் ஓர் ஓடைக்கரையில் சுருக்குப் போட்டு ஒரு பெண் இகுவானாவைப் பிடித்தேன். கன்னச் செதில் துவரம்பருப்பு அளவுதான். வால் சாம்பல் நிறம். வயிற்றில் முட்டை. ரத்தம் எடுத்து, மைக்ரோசிப் போட்டு, 'நாட்டு இனம்' என்று எழுதி விட்டுவிட்டேன். சில வாரங்கள் கழித்து மரபணு முடிவு வந்தது: கலப்பு. பாட்டன் காலத்துக் கலப்பாக இருக்கலாம். அப்படி வந்தால் செதிலும் பட்டையும் மங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது.

அதை மறுபடி பிடிக்க நான்கு நாள் தேடினேன். வண்டியோட்டிய பெரியவருடைய முன்னோர் காரைக்காலிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். "பிடித்தால் என்ன செய்வீர்கள்?" என்றார். கொல்ல வேண்டும் என்றேன். "பாதி இந்த ஊருடையதுதானே? அப்படிப் பார்த்தால் நானும் பாதிதான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனிதருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது ஓர் இனமே கரைந்துபோகும் விஷயம் என்று விளக்கினேன். சரி, சரி என்று கேட்டுக்கொண்டார். விளக்கியது அவருக்கா எனக்கா என்பது வேறு விஷயம்.

அது கிடைக்கவே இல்லை. அடுத்த வருடம் அதே கரையில் மூன்று குட்டிகளைப் பிடித்தோம். மூன்றின் கன்னத்திலும் எதுவும் தெரியவில்லை. ரத்தம் எடுத்தேன், இனம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.