ஏழாம் பக்கத்தில் இருந்த வரி

"இந்த மாத்திரையாலதான் சக்கரை வருதுங்களா சார்?"

"ஆமாங்க, இதுவும் ஒரு காரணம்."

இவ்வளவுதான் சொன்னேன். இதற்குப் பிறகு, "அதுக்காக மாத்திரையைக் குறைச்சிடக் கூடாது" என்று சொன்னேனா? வழக்கமாகச் சொல்வேன். அன்றும் சொல்லியிருப்பேன் என்று ஒரு வாரம் எல்லோரிடமும் சாதித்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை.

அவர் ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். மனைவி கொடுத்த கிட்னி. மாற்று அறுவைக்குப் பிறகு யார் யாருக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வருகிறது, வந்தால் கிட்னி எப்படித் தாங்குகிறது என்று ஓராண்டு பார்க்கும் ஆய்வு எங்களுடையது. நான் கோஆர்டினேட்டர். ஆய்வில் சேர ஒப்புதல் வாங்கும் கன்சென்ட் படிவத்தைப் படித்து விளக்குவதும், நாள் தவறாமல் ஆட்களை வரவழைப்பதும் என் வேலை.

அவருக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 98தான். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. காலையில் போடும் ஸ்டீராய்டு மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும். மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையையும் ஆரம்ப மாதங்களில் நம்ப முடியாது. ரத்தசோகை, அதற்குப் போடும் ஊசி எல்லாம் சேர்ந்து அந்தக் கணக்கைக் குழப்பிவிடும். அதனால் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, 2 மணி நேரம் கழித்துப் பார்ப்போம். 200 வந்தாலே சர்க்கரை நோய். அவருக்கு 232. மறுபடி வரவழைத்துப் பார்த்தபோதும் 200க்கு மேல்தான்.

அந்த இரண்டாவது தடவைதான் மஞ்சப்பையிலிருந்து தன் கன்சென்ட் பிரதியை எடுத்தார். ஏழாம் பக்கத்தை மடித்து வைத்திருந்தார். கையெழுத்துப் போட்ட அன்று அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இந்த மாத்திரையால் சர்க்கரை வரலாம் என்று அந்தப் பக்கத்தில் இருப்பது உண்மை. உடம்பு புதுக் கிட்னியைத் தாக்காமல் காப்பது டாக்ரோலிமஸ். அதே மருந்துதான் கணையத்தில் இன்சுலின் சுரப்பதையும் குறைக்கிறது. பொய் சொல்லியிருக்க முடியுமா? படிவத்தில் நாங்களே அச்சடித்துக் கொடுத்த வரி அது. கேட்டவருக்கு உண்மையைச் சொல்வதுதான் என் வேலையே. வெளியே இன்னும் நான்கு பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சரி என்று எழுந்து போனார்.

அடுத்த மாதம் வந்தபோது, கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் 1.2லிருந்து 2.6 ஆகியிருந்தது. ரத்தத்தில் மருந்தின் அளவு 2கூட இல்லை. பயாப்ஸி பார்த்ததில், உடம்பு புதுக் கிட்னியைத் தாக்க ஆரம்பித்திருந்தது, ரிஜெக்‌ஷன்.

"ராத்திரி மாத்திரையை மட்டும் விட்டுட்டேன் சார். சக்கரை நல்லா எறங்குச்சுங்க" என்றார். பக்கத்து மெடிக்கலில் அளந்து சீட்டில் எழுதி வைத்திருந்தார். தேதி போட்டு, ஒழுங்காக. எங்கள் ஆய்வுக்கு அப்படி எழுதிக் கொண்டுவருபவர்கள் குறைவு.

அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் எடுத்திருக்கிறார்கள். இது எனக்கு அன்றுதான் தெரியும். குடும்பத்தில் சர்க்கரை உண்டா என்ற கட்டத்தில் 'தந்தை' என்று நானே டிக் போட்டிருக்கிறேன். காலைப் பற்றிக் கேட்க அதில் இடமில்லை. டயாலிசிஸில் கிடந்த காலத்தில்கூட, "நமக்குச் சக்கரை இல்லை, அதுவரைக்கும் தப்பிச்சோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவராம். அப்படிப்பட்டவரிடம்தான் நான் 232 என்று சொல்லி, மாத்திரையும் காரணம் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. மருந்தின் அளவு பார்க்கிற நாளில் காலை மாத்திரையைப் போடாமல் வரச் சொல்வோம். ரத்தம் எடுத்த பிறகுதான் போட வேண்டும். அன்று காலை அவர் வந்து நின்றதும் நான் கேட்டது, "மாத்திரை போடாம வந்தீங்களா? ரொம்ப நல்லது." இது மட்டும் வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. ஒரு வேளை விட்டால் ஒன்றும் ஆகாது என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டாரா? அவரிடம் கேட்டால் தெரியும். கேட்கவில்லை. புது மருந்துச் சோதனைகள் சிலவற்றில் கன்சென்ட் பேச்சை வீடியோ எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்களுடையது வெறும் கண்காணிப்பு ஆய்வு, அதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் கையெழுத்து வாங்கிய நாளைத்தான் எடுத்திருப்பார்கள். அவர் கேள்வி கேட்ட நாளை யார் எடுப்பார்கள்?

அந்தத் தாக்குதலை அடக்க மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். அதில் சர்க்கரை 400ஐத் தாண்டியது, இன்சுலின் ஆரம்பித்தார்கள். கிரியேட்டினின் 1.8க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. வார்டு வாசலில் அவர் மனைவி என்னைப் பார்த்து, "நீங்க சொன்னா அவரு தட்ட மாட்டாரு தம்பி, இனிமேலாவது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தன் கிட்னியைக் கொடுத்தவர் அவர். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆய்வுப் படிவத்தில் 'நோயாளி தானாகவே மருந்தைக் குறைத்தார்' என்ற கட்டத்தில் டிக் போட்டது நான்தான். அது தவறான தகவல் இல்லை. நேரம் இல்லாததும் உண்மை, நேரம் இருந்திருந்தாலும் அப்பாவின் காலைப் பற்றிக் கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாததும் உண்மை. இப்போது யார் அந்தக் கேள்வியைக் கேட்டாலும், மாத்திரையை விடக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் ஆமாம் என்கிறேன். அப்படிச் சொன்னால் பெரும்பாலும் அடுத்த கேள்வி வருவதில்லை. புரிந்ததால் கேட்பதில்லையா, பயந்தா என்று தெரியவில்லை.

அவர் இப்போதும் தவறாமல் வருகிறார். கேள்வி எதுவும் கேட்பதில்லை. நான் கேட்பதற்கு முன்பே காலி மாத்திரை அட்டைகளை மஞ்சப்பையிலிருந்து எடுத்து மேசையில் அடுக்குகிறார். நான் எண்ணி முடிக்கிற வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.