சிரங்கும் ஐந்து பேரும்

ஹாஸ்டலிலிருந்து மே மாத லீவுக்கு வந்த பையன் ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டே இருந்தான். வியர்க்குரு என்று நினைத்து விட்டுவிட்டேன். மருந்துக்கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கினான். ஸ்டீராய்டு கலந்த க்ரீம். நாலு நாள் அடங்கி, மறுபடி ஆரம்பித்தது. ஜூன் பாதியில் சின்னவளும் இடுப்பைச் சொறிய ஆரம்பித்தாள்.

தோல் டாக்டர் பையனின் விரல் இடுக்கை விளக்கடியில் திருப்பிக் காட்டினார். ஊசியால் கீறின மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கோடு. பூச்சி தோலுக்குள் குடைந்த வழியாம். சிரங்கு. பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீம் எழுதிக்கொடுத்து, "வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரியில் போடணும்" என்றார்.

வீட்டுக்கு வந்தால் அத்தை, "எனக்குத்தான் அரிக்கவே இல்லையே, நான் எதுக்குப் போடணும்?" என்றார். இவரும் அதே பாட்டு. சரி என்று பிள்ளைகளுக்கு மட்டும் போட்டேன். மூன்றே வாரத்தில் மறுபடி புதுப் புள்ளிகள்! முதல்முறை தொற்றினால் அரிப்பு தெரியவே நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், அதற்குள் அடுத்தவருக்குப் பரவிவிடும் என்று அப்புறம்தான் டாக்டர் விளக்கினார். எங்கள் தப்புதான்.

இரண்டாவது தடவை யாரையும் விடவில்லை. நகத்தை ஒட்ட வெட்டி, கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, தொப்புள், நக அடி எல்லாம் தடவினோம். அத்தைக்கு வயதானதால் தலையிலும் காதுக்குப் பின்னாலும் போடச் சொன்னார் டாக்டர். பாத்திரம் தேய்த்துக் கை கழுவிய பிறகு நான் கைக்கு மட்டும் திரும்பப் போட்டேன். காலையில் குளித்துவிட்டு, போர்வை, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் கொதிநீரில் ஊறவைத்தேன். அத்தையின் கம்பளிச் சால்வையை என்ன செய்வது? பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் பரணில் போட்டாயிற்று. உடம்பை விட்டால் அந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. ஏழாம் நாள் ஐந்து பேருக்கும் இன்னொரு சுற்று.

அதற்குப் பிறகும் மூன்று வாரம் அரித்தது. செத்த பூச்சிக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமை, பயந்து தினமும் க்ரீம் பூசாதீர்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் தப்பித்தோம்.

ஹாஸ்டல் அறை நண்பர்களிடம் சொல்லப் பையனுக்குக் கூச்சம். பக்கத்தில் உட்கார்ந்து போன் போட வைத்தேன். எடுத்தவன், "எனக்கும்தான்டா, ரெண்டு மாசமா" என்றான்.